முதலில் எந்த ஸ்பைடர்மேனைக் காட்டுவது?

ஸ்பைடர்மேனை இதுவரை பார்க்காத ஒருவருக்குக் காட்டலாம் என்று உட்கார்ந்தால், எந்தப் படத்தைப் போடுவது என்று பேசியே பாதி சாயங்காலம் போய்விடுகிறது. 2002-இல் டோபி மக்வயர், 2012-இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், 2017-இல் டாம் ஹாலண்ட் என்று பதினைந்தே வருடத்தில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரை மூன்று தடவை புதிதாக ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடமே மைல்ஸ் மொராலஸ் என்ற இன்னொரு ஸ்பைடர்மேனை நாயகனாக வைத்து அனிமேஷனில் தனியாக ஒரு வரிசை. ஹாலண்டின் நான்காவது படம் 2026 ஜூலைக்கு என்று அறிவித்ததிலிருந்து, அதற்குள் பழையதைப் பார்த்து முடிக்க வேண்டும், எங்கே தொடங்கலாம் என்று கேட்கிறவர்கள் என்னைச் சுற்றியே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற நீங்கள் எல்லாவற்றையும் பார்த்தவர், இன்னொருவருக்குக் காட்டப் போகிறவர் என்று வைத்துக்கொண்டு கதைகளின் முடிவையும் சேர்த்தே பேசுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். ஆரம்பித்த கதையை முடித்தார்களா?

ரீபூட், அதாவது பழைய கதையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது, என்றாலே எனக்கு எரிச்சல் வரும். புது முகம் வருகிறதே என்ற எரிச்சல் இல்லை அது. 1962-இலிருந்து காமிக்ஸில் எத்தனையோ பேர் பீட்டரை எழுதியிருக்கிறார்கள், வரைந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பீட்டர் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு படம் நம் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்து, பதில் அடுத்த படத்தில் என்று வீட்டுக்கு அனுப்புகிறது. இரண்டு மூன்று வருடம் அதை மனதில் வைத்திருக்கிறோம். ஒருநாள் அந்த அடுத்த படமே கிடையாது, வேறு நடிகரோடு எல்லாம் முதலிலிருந்து என்று செய்தி வருகிறது. காத்திருந்தவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. சூப்பர்மேன் ரசிகர்களுக்கு 2022-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அக்டோபரில் 'பிளாக் ஆடம்' படத்தின் முடிவில், அதுவரை சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவிலைக் காட்டினார்கள். திரும்பி வந்துவிட்டேன் என்று அவரே அறிவித்தார். டிசம்பரில் அவர் இல்லை என்றாகிவிட்டது. 2025-இல் டேவிட் கோரன்ஸ்வெட் நடித்து வந்த சூப்பர்மேன் நல்ல படமா இல்லையா என்பது வேறு விஷயம். அந்த இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தவர்களின் கணக்கு அப்படியே நிற்கிறது.

ஸ்பைடர்மேன் விஷயத்தில் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. திரைப்பட உரிமை சோனியிடம் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படத்தை எடுத்து வெளியிடாவிட்டால் அது காமிக்ஸை வெளியிடும் மார்வெலுக்கே திரும்பிப் போய்விடும் என்பது ஒப்பந்தம். ஆகவே கதை தயாராக இருக்கிறதோ இல்லையோ, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மக்வயரின் மூன்று படங்களையும் எடுத்த சாம் ரெய்மி இயக்குவதாக இருந்த நான்காவது படம் 2010 ஜனவரியில் கைவிடப்பட்டது. அதே மூச்சில் புது ரீபூட்டும் அறிவிக்கப்பட்டது. ரெய்மிக்குத் திருப்தியான திரைக்கதை சொன்ன தேதிக்குள் அமையவில்லை. தேதி தள்ளிப்போகவில்லை, ஆட்கள் மாறினார்கள்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். வெளிவந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் பார்ப்பது ஒரு வழி. நடிகர்கள் பீட்டராக நடித்த படங்கள் எட்டும் சேர்ந்து ஏறக்குறைய 18 மணி நேரம். ஹாலண்ட் படங்கள் புரிய மார்வெலின் 'சிவில் வார்', 'இன்ஃபினிட்டி வார்', 'எண்ட்கேம்' மூன்றையும் சேர்த்தால் இன்னும் 8 மணி நேரம். அனிமேஷன் இரண்டும் நாலே கால் மணி நேரத்துக்குப் பக்கம். பள்ளி லீவில் இருக்கிற பிள்ளைக்கு இது சரிப்படலாம். வேலைக்குப் போகிறவரிடம் இந்தப் பட்டியலை நீட்டினால் முதல் படத்தைக்கூடப் போட மாட்டார். இந்த வழியை இதோடு விட்டுவிடுகிறேன்.

ரெய்மியின் படங்களில் ஆரம்பிப்பது அடுத்த வழி. என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு: முதல் இரண்டு படங்கள் மட்டும். 2002-இல் வந்த முதல் படம், கல்லறைத் தோட்டத்தில் மேரி ஜேன் காதலைச் சொல்லும்போது பீட்டர் மறுத்துவிட்டு நடந்து போவதோடு முடிகிறது. இவன் ஸ்பைடர்மேனாகவும் இருந்துகொண்டு தனக்கென்று ஒரு வாழ்க்கையும் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அது விட்டுச்செல்லும் கேள்வி. 2004-இல் வந்த இரண்டாவது படம் முழுக்க முழுக்க அந்தக் கேள்விக்கான பதில். கல்யாண மேடையை விட்டு ஓடிவந்து மேரி ஜேன் அவன் வாசலில் நிற்கிறாள். ஆபத்து தெரிந்தேதான் வருகிறேன், முடிவு என்னுடையது என்கிறாள். கடைசியில் ஜன்னலோரம் அவள் முகத்தில் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் வந்து உட்கார்கிறது. இங்கே டிவியை அணைத்துவிடலாம். கேட்ட கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிட்டது.

அந்த இரண்டாவது படத்தில் உலகத்தைக் காப்பாற்றுவதைவிட வாடகை கட்டுவதுதான் பீட்டருக்குப் பெரிய பாடு. பீட்சா டெலிவரி வேலை போகிறது, கல்லூரியில் பேராசிரியரிடம் திட்டு, அறைக் கதவைத் திறந்தால் வாடகை கேட்டு வீட்டுக்காரர். அந்த வீட்டுக்காரரின் மகள் உர்சுலா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டி, சாக்லேட் கேக் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள். சாப்பிட்டு முடிக்கிறார்கள், கூட ஒரு டம்ளர் பால். கதையை நகர்த்துவதற்கு அந்தக் காட்சி தேவையே இல்லை. இன்றைக்கு ஒரு ஸ்டுடியோவில் முதல் கத்தரி அதற்குத்தான் விழும். ஆனால் ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறவனைப் பயணிகள் கைமேல் தூக்கிப் படுக்கவைத்து, முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, சின்னப் பையன்தானே என்று சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறதே, அதற்கு உர்சுலாவின் அந்தக் கேக்கும் ஒரு காரணம். அவன் யார், எப்படிப்பட்ட பசியில் இருந்தான் என்று நமக்குத் தெரியும்.

இன்னொன்று, என்னை வளர்த்த பென் மாமா சாவதற்கு நானும் காரணம் என்று பீட்டர் மே அத்தையிடம் சொல்லும் காட்சி. சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் கை அவள் கைமேல் இருக்கிறது. சொல்லி முடித்ததும் அத்தையாக நடித்த ரோஸ்மேரி ஹாரிஸ் ஒரு வார்த்தை பேசாமல் கையை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். ஓர் ஆரம்பக் கதை எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காட்சியைத்தான் நான் காட்டுவேன். முதல் படத்தில் பென் மாமா இறந்தது இங்கே வந்துதான் முழு கனத்தோடு விழுகிறது.

2007-இல் வந்த மூன்றாவது படத்தைத் தள்ளிப்போடச் சொல்வதற்கும் அதே அளவுகோல்தான் காரணம். தயாரிப்புத் தரப்பின் வற்புறுத்தலில் வெனம் என்ற வில்லன் உள்ளே வந்தான். அது போதாதென்று பென் மாமாவைச் சுட்டவன் வேறு ஒருவன் என்று மாற்றினார்கள். முதல் படத்திலிருந்து பீட்டரை அரித்துக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சியின் அடியிலேயே கை வைத்த மாற்றம் இது. முடிவில் ஜாஸ் கிளப்பில் இருவரும் எதுவும் பேசாமல் மெல்ல ஆடுகிறார்கள், சேர்ந்தார்களா, பிரிந்தார்களா? நான்காவது படம் வராமலே போனதால், 2021-இல் மூன்று பீட்டர்களும் சேர்ந்து வரும் ஹாலண்ட் படமான 'நோ வே ஹோம்' வரும்வரை பதினான்கு வருடம் அந்த ஆட்டம் அப்படியே நின்றது. அதிலும் கொஞ்ச காலம் பிடித்தது, ஆனால் சரிசெய்துகொண்டோம் என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வரிதான். அந்த வரி எனக்குப் போதுமாக இருந்தது என்பது உண்மை. ஆனாலும் ஒரு வரிக்காக இவ்வளவு நாள் காக்க வைத்திருக்க வேண்டாம்.

அப்புறம் கார்ஃபீல்ட். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான், ஏனென்றால் மூவரில் நடிகராக அவரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். க்வென் ஸ்டேசியாக எம்மா ஸ்டோனும் அவரும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் இருக்கிற தடுமாற்றமும் சிரிப்பும் மற்ற எந்த ஸ்பைடர்மேன் காதலிலும் கிடையாது. அந்த இருவரைச் சுற்றிக் கட்டிய கதைதான் நெடுகிலும் அரைகுறை.

2012-இல் வந்த முதல் படத்தின் விளம்பரங்கள், இதுவரை சொல்லப்படாத கதை என்று பீட்டரின் அப்பா அம்மா ரகசியத்தை முன்னால் வைத்தன. படத்தில் அந்த ரகசியத்தின் நுனி மட்டும்தான் இருந்தது. அதை விட, பென் மாமாவைக் கொன்றவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மணிக்கட்டில் நட்சத்திரப் பச்சை. அந்த அடையாளத்தை வைத்து பீட்டர் இரவு இரவாக ஆட்களைப் பிடித்துக் கையைத் திருப்பிப் பார்க்கிறான். பாதிப் படத்துக்கு மேல் இந்தத் தேடலே காணாமல் போய்விடுகிறது. கொலைகாரன் கடைசிவரை கிடைக்கவில்லை, தேடுவதை ஏன் விட்டான் என்று பீட்டர் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. நம் இர்ஃபான் கான் நடித்த டாக்டர் ரதா பாலத்தின் மேல் பல்லி மனிதனின் தாக்குதலில் மாட்டுகிறார். அதன்பின் படத்தில் ஆளே இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்பது நீக்கப்பட்ட காட்சிகளில்தான் இருக்கிறது. மாமாவின் சாவை இரண்டாவது தடவையாகப் பார்க்க வைத்தவர்கள், அதற்கு ஒரு முடிவையாவது தந்திருக்க வேண்டாமா?

2014-இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் மோசம். இன்னொரு வில்லன் கூட்டத்துக்கே தனிப் படம் எடுக்கும் திட்டம் அப்போது இருந்தது. அதற்கான விதைகளைத் தூவுவதிலேயே பாதிப் படம் போகிறது. சிலந்திகளில் பீட்டரின் அப்பா தன் மரபணுவைத்தான் கலந்திருந்தார், ஆகவே அந்தச் சக்தி பார்க்கர் ரத்தத்துக்குத்தான் ஒத்துவரும் என்று ஒரு விளக்கம் வேறு. தற்செயலாகச் சிலந்தி கடித்த ஏதோ ஒரு பையன் என்பதுதான் இந்தப் பாத்திரத்தின் உயிரே. அதை எடுத்துவிட்டு வாரிசுக் கதை ஆக்கினார்கள்.

ஆனால் அந்த மணிக்கூண்டுக் காட்சி! க்வென் விழுகிறாள், பீட்டர் வீசும் வலையின் நுனி ஐந்து விரலாக விரிந்து ஒரு கை மாதிரி அவளை எட்டுகிறது. எட்டியும் விடுகிறது, கால் நொடி பிந்தி. 1973-இல் காமிக்ஸில் நடந்த அந்தச் சாவை இவ்வளவு நேர்மையாகப் படமாக்கியதற்காகவே இந்த இரண்டு படங்களையும் முழுசாக ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு கல்லறை முன் அவன் நிற்க நிற்கப் பருவங்கள் மாறுகின்றன. கடைசியில் ரைனோ என்ற வில்லனுக்கு எதிரே ஸ்பைடர்மேன் உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பையன் தனியாக நிற்க, பீட்டர் திரும்பி வருகிறான். சாக்கடை மூடி ஒன்றை வலையில் கட்டிச் சுழற்றி வீசுகிறான். படம் முடிந்தது. சண்டை தொடங்குகிற நொடியில் நிறுத்தினார்கள். 2015 பிப்ரவரியில் சோனியும் மார்வெலும் கைகோத்தன, கார்ஃபீல்ட் வெளியே. அந்த மூடி இன்னும் ரைனோமேல் விழவில்லை.

ஆகவே யாருக்கும் இதை முதலில் காட்டாதீர்கள். ஆனால் 'நோ வே ஹோம்' பார்ப்பதற்கு முன் கண்டிப்பாகக் காட்டுங்கள். அதில் விழுகிற எம்.ஜே.யை, ஹாலண்டின் காதலியை, கார்ஃபீல்ட் பாய்ந்து பிடித்துத் தரையிறக்கி, நலமா என்று கேட்கிறார். அவள் தலையாட்டிவிட்டு, கண் கலங்கி நிற்கிற அவரைப் பார்த்து அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறாள். மணிக்கூண்டைப் பார்க்காதவருக்கு அது ஒரு சாகசம் மட்டும். பார்த்தவருக்கு ஏழு வருடக் கடன் தீர்கிற இடம்.

நேராக டாம் ஹாலண்டில் தொடங்கினால் என்ன? இளைஞர்கள் பலர் கேட்பது இதைத்தான். 2017-இல் வந்த 'ஹோம்கமிங்' ஒரு பெரிய உபகாரம் செய்தது: சிலந்தி கடிப்பதையும் மாமா சாவதையும் மறுபடி காட்டவில்லை. ரசிகனுக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாகவே விட்டுவிட்ட அந்த மரியாதைக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். வில்லனாக வரும் மைக்கேல் கீட்டன் காரோட்டிக்கொண்டே பின்சீட்டுப் பையன் யார் என்று கண்டுபிடிக்கும் காட்சி, இந்த மொத்த வரிசையிலும் என்னை அதிகம் பயமுறுத்தியது. சிக்னலில் கார் நிற்கிறது, முகத்தில் சிவப்பு வெளிச்சம். விஷயம் அவருக்குப் புரிகிற நேரத்தில் வெளிச்சம் பச்சையாகிறது. அவர் சத்தம் போடவே இல்லை.

ஆனால் புதியவருக்கு இங்கே ஒரு தடை இருக்கிறது. இந்தப் பீட்டர் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் நிழலில் வளர்கிறவன். ஸ்டார்க் யார், ஏன் இந்தப் பையனுக்கு அவர்மேல் அத்தனை பிரியம் என்று தெரியாமல் 'ஹோம்கமிங்' பாதிதான் பிடிபடும். 2019-இன் 'ஃபார் ஃப்ரம் ஹோம்' முழுக்கவே ஸ்டார்க் இல்லாத துக்கத்தில் நடக்கிறது. அதோடு, பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்று ஊருக்கே தெரிந்துபோவதோடு அது முடிந்தது. படம் திரையில் இருக்கும்போதே ஆகஸ்டில் சோனியும் மார்வெலின் உரிமையாளரான டிஸ்னியும் பிரிந்தன. ஒரு மாதத்துக்கு மேல், இதுவும் அந்தரத்தில் நிற்கப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். செப்டம்பர் கடைசியில் சமாதானமானார்கள். அந்த ஒரு மாதம் நான் பட்ட அவஸ்தை படத்தில் பீட்டர் பட்டதற்குக் குறைந்ததில்லை.

முடித்தார்களா என்று கேட்டால், முடித்தார்கள். 'நோ வே ஹோம்' கடைசியில் உலகமே அவனை மறந்திருக்க, கையில் எழுதிவைத்த தாளோடு எம்.ஜே. வேலை செய்யும் கடைக்கு வருகிறான். அவள் நெற்றியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைப் பார்க்கிறான். தாளைப் படிக்காமலே காபியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். பிறகு ஒற்றை அறை, கையால் தைத்த உடுப்பு. மூன்று படமும் சேர்ந்துதான் இவனுடைய ஆரம்பக் கதை என்று அப்போதுதான் தெரிகிறது. அருமையான முடிவு. ஆனால் அதன் கனத்தில் பாதி மக்வயர், கார்ஃபீல்ட் படங்களிலிருந்து வாங்கியது. முந்தைய வில்லன்களும் முந்தைய பீட்டர்களும் யாரென்று தெரியாதவருக்கு அது வெறும் கூட்டம். ஹாலண்டில் தொடங்குவதில் இருக்கிற சிக்கலே இதுதான்: கடைசிப் படத்துக்கு வருவதற்குள் மற்ற எல்லாவற்றையும் எப்படியும் பார்த்தாக வேண்டியிருக்கும்.

மிச்சம் இருப்பது 'இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்'. 2018-இல் வந்து, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ரீபூட்டால் நொந்த எவருக்கும் இது மருந்து. வேறு வேறு உலகங்களிலிருந்து ஒவ்வொரு ஸ்பைடர் மனிதரும் வந்து, கடைசியாக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன் என்று தன் ஆரம்பக் கதையைச் சட்டென்று சொல்லி முடிக்கிறார்கள். நமக்கு மனப்பாடம் என்று அவர்களுக்கும் தெரியும். படத்தின் மீதி நேரம் முழுவதும் மைல்ஸுக்கு. ப்ரூக்ளினில் போலீஸ்கார அப்பா, நர்ஸ் அம்மா, ஹாஸ்டலோடு சேர்ந்த புதுப் பள்ளி என்று அவன் வாழ்க்கை பீட்டருடையதைப் போல இல்லவே இல்லை. ஆரம்பத்தில் மைல்ஸின் அசைவுகளை வேண்டுமென்றே விநாடிக்கு 12 படங்களாகவும், அனுபவசாலியான பீட்டரை 24 ஆகவும் செய்திருக்கிறார்கள். இருவரும் காட்டுக்குள் சேர்ந்து ஓடும்போது பையன் ஏன் தடுமாறுகிறான் என்று கண்ணுக்குத் தெரியாமலே உடம்புக்குத் தெரிகிறது. அவன் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்போது விரலில் ஒட்டிய கண்ணாடி உடைந்து கூடவே வருகிறது. பயம் போய்விடவில்லை, பயத்தோடுதான் குதித்தான். அந்த ஷாட்டில் படம் தலைகீழாக இருப்பதால் விழுகிறவன் மேலே எழும்புகிற மாதிரி தெரியும். அங்கே நிறுத்திப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

2023-இன் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' என் மனதில் இருந்த சண்டையை அப்படியே திரையில் போட்டது. எல்லா ஸ்பைடர் கதையிலும் இந்தச் சாவு நடந்தே ஆக வேண்டும், அதுதான் விதி என்று வேறோர் உலகத்து ஸ்பைடர்மேனான மிகேல் ஓஹாரா சொல்கிறான். என் அப்பாவைச் சாக விட மாட்டேன், என் கதை என்னுடையது என்கிறான் மைல்ஸ். மாமாவைத் திரும்பத் திரும்பக் கொன்ற ஸ்டுடியோக்களுக்கு ஒரு பதினைந்து வயதுப் பையன் சொன்ன பதிலாகத்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் படம் நட்டநடுவில் நிற்கிறது. அடுத்த பாகம் 2024 மார்ச்சில் என்றார்கள், இப்போது 2027 என்கிறார்கள். ரீபூட் எதுவும் அறிவிக்கவில்லை, வரும் என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் புதிதாக ஒருவரை அந்தக் காத்திருப்பில் கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை. முதல் படம் தன்னளவில் முழுசாக முடிகிறது. இப்போதைக்கு அதோடு நிறுத்தலாம்.

ஆகவே பெரியவர் ஒருவருக்கு என்றால் 2002-இன் முதல் படம், 2004-இன் இரண்டாவது, அப்புறம் 'இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்'. மொத்தம் ஆறு மணி நேரம், ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். இதுக்கு மேல் பார்க்காவிட்டாலும் அவருக்கு எதுவும் பாக்கி இல்லை. இன்னும் வேண்டும் என்று அவராகக் கேட்டால் கார்ஃபீல்ட் இரண்டு, பிறகு மார்வெல் படங்கள் மூன்றையும் ஹாலண்டின் மூன்றையும் வெளிவந்த வரிசையில். ரெய்மியின் மூன்றாவது படத்தை 'நோ வே ஹோம்'க்கு முன்னால் எங்காவது சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

சின்னப் பிள்ளைகள் என்றால் வரிசையை மாற்றுங்கள். ரெய்மி பேய்ப்படம் எடுத்துப் பெயர் வாங்கியவர். இரண்டாவது படத்தில் டாக்டர் ஆக்டோபஸின் இரும்புக் கைகள் ஆஸ்பத்திரியில் விழித்துக்கொள்ளும் காட்சியில் அது நன்றாகவே தெரியும். ஏழெட்டு வயதுப் பிள்ளை இரவு தூங்காது. அவர்களுக்கு மைல்ஸைத்தான் முதலில் போட வேண்டும். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் போட்டேன். படம் முடிந்ததும் அவன் கேட்டது, "மாமா, அந்தத் தொப்பை வச்ச பீட்டர் சின்ன வயசுல எப்படி இருந்தார்?" அடுத்த வாரம் 2002-ஐப் போட்டோம்.